வீட்டருகே கழுகும் பருந்தும்: சிங்கப்பூரில் பார்க்கவும் படமெடுக்கவும் ஒரு முழு வழிகாட்டி

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகிறார்கள். முதலில் ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு லென்ஸ். அப்புறம் யாரோ பகிர்ந்த கூட்டின் படத்தைப் பார்த்து அந்த இடத்துக்கு ஓட்டம். அங்கே ஒரு கூட்டத்துக்குப் பின்னால் நின்று, வெள்ளை வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளியை எடுத்துக்கொண்டு திரும்புவது. சில மாதங்களில் அந்த லென்ஸ் கேரோசெல்லில் விற்பனைக்கு வந்துவிடும்.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம், அடுத்து நேரம், அடுத்து பறவையை அடையாளம் காண்பது, கடைசியில் கேமரா. கீழே இருக்கும் படிகளில் முதல் ஐந்துக்கு கேமராவே வேண்டாம். அவற்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பின்னால் வரும் படிகள் எல்லாம் இவற்றின்மேல்தான் நிற்கின்றன.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு பைனாகுலர். 8×42 அளவு (8 மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முன்கண்ணாடி) போதும். கடைக்காரர் 12 மடங்கு, 20 மடங்கு என்று காட்டினால் ஆசைப்பட வேண்டாம். உருப்பெருக்கம் கூடக் கூடக் கை நடுக்கமும் கூடும், கண்ணுக்குத் தெரியும் வானத்தின் பரப்பும் சுருங்கும். பறக்கும் பறவையைக் கண்ணாடிக்குள் பிடிப்பதே பெரிய பாடாகிவிடும்.

பிடிப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். வெறும் கண்ணால் பறவையைப் பாருங்கள், பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். பலர் குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்வார்கள். அதற்குள் பறவை புளோக்குக்குப் பின்னால் போயிருக்கும்.

கைப்பேசியில் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின், பார்த்ததைப் பதியும் ஈபேர்ட் இரண்டு செயலிகளும் இருக்கட்டும். இரண்டும் இலவசம். ஈபேர்டில் உங்கள் வட்டாரத்தில் அண்மையில் யார் எதைப் பார்த்தார்கள் என்பதும் தெரியும். தொப்பி, தண்ணீர், கொசு மருந்து. குரங்குகள் இருக்கும் பூங்கா என்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். அதில் சாப்பாடு இருக்கும் என்று அவற்றுக்கு நன்றாகத் தெரியும்.

2. ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

நடந்தோ சைக்கிளிலோ பத்துப் பதினைந்து நிமிடத்தில் போகக்கூடிய இடமாக இருக்க வேண்டும். தூரமான இடம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் மாதம் ஒருமுறைதான் போவீர்கள். ஒரே இடத்துக்கு வாரம் மூன்று முறை போகிறவருக்குத்தான் எந்தப் பறவை எந்தக் கிளையில் எத்தனை மணிக்கு வந்து உட்காரும் என்பது பிடிபடும்.

தேவை இரண்டு: திறந்த வானம், கூடவே தண்ணீர் அல்லது உயரமான மரங்கள். ஈசூன், பொங்கோல், சிலேத்தார், கிராஞ்சி, ஜூரோங் பக்கம் இருப்பவர்களுக்கு நீர்த்தேக்கம் அருகிலேயே இருக்கிறது. பாசிர் ரிஸ், சாங்கி பக்கம் கடற்கரை. மற்றவர்களுக்கு அகலமான கால்வாயை ஒட்டிய பூங்கா இணைப்புப் பாதையே போதும். கழுகுகள் கூடு கட்ட ஓங்கி வளர்ந்த அல்பீசியா மரங்களை மிகவும் விரும்பும். விரிந்த கிளைகளும் மெல்லிய இலைகளும் உள்ள அந்த மரத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள்.

கழுகு என்றதும் காட்டுக்குள் நுழைவது எல்லோரும் செய்யும் தவறு. காட்டுக்குள் தலைக்கு மேல் இலைதான் தெரியும். காட்டின் ஓரத்தில், வானம் தெரியும் இடத்தில் நில்லுங்கள்.

பலருக்குத் தோன்றாத ஓர் இடம் உண்டு: வீவக பலமாடி கார்ப்பார்க்கின் மேல்தளம். மரங்களின் உச்சி உங்கள் கண்மட்டத்துக்கு வந்துவிடும். தரையிலிருந்து எடுத்தால் பறவையின் வயிறு மட்டும் கிடைக்கும். இங்கிருந்து முதுகு, முகம், சிறகின் மேற்புறம் எல்லாம் கிடைக்கும். மேல்மாடி வீடு என்றால் உங்கள் காரிடாரிலேயே இது நடக்கும். ஆனால் நீளமான லென்ஸை எதிர் புளோக்கின் பக்கம் திருப்பாதீர்கள். நீங்கள் பார்ப்பது பருந்தை என்று எதிர்வீட்டு அம்மாவுக்கு எப்படித் தெரியும்? மரமோ தண்ணீரோ இருக்கும் பக்கமாக நின்றால் பிரச்சினை வராது.

இராணுவ முகாம், விமானத் தளம் போன்றவற்றின் வேலியில் படம் எடுக்கக் கூடாது என்ற சிவப்பு அறிவிப்புப் பலகை இருக்கும். அதற்கு மேல் கருந்தோள் பருந்து எவ்வளவு அழகாக மிதந்தாலும் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

3. நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே சூரியன் ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஏழு மணிக்கு உதித்து ஏழு மணிக்கு மறையும். பகல் ஒரு மணி வாக்கில் உச்சிக்கு வரும். பன்னிரண்டு மணிக்கு அல்ல. இதை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் விளங்கும்.

காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை கழுகுகள் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும் அல்லது தண்ணீரின் மேல் தாழப் பறக்கும். வெளிச்சமும் பக்கவாட்டில் விழும். படம் எடுக்க இதுதான் நேரம். ஒன்பதரை, பத்துக்கு மேல் தரை சூடாகி வெப்பக் காற்று மேலெழும். சிறகடிக்காமல் அதில் ஏறி வட்டமிடலாம் என்பதால் பெரிய பறவைகள் எல்லாம் உயரே போய்விடும். எண்ணிப் பார்க்கவும் அடையாளம் காணவும் நல்ல நேரம், படத்துக்கு மோசமான நேரம். மாலை நான்கரைக்கு மேல் மறுபடி இறங்கும்.

மழை விட்ட அரை மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். நனைந்த பருந்து வெயில் படும் மொட்டைக் கிளையைத் தேடி வந்து சிறகை விரித்து உலர்த்தும். அசையாமல் வெகுநேரம் இருக்கும். இடி கேட்டால் மட்டும் கார்ப்பார்க் மேல்தளம், நீர்த்தேக்கக் கரை இரண்டையும் விட்டு உடனே கூரைக்கு அடியில் வந்துவிடுங்கள். திறந்தவெளியில் உயரமாக நிற்பது நீங்களும் உங்கள் முக்காலியும்தான்.

4. முதலில் சில பறவைகளை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்

நிறத்தை நம்பாதீர்கள். நம் ஊர் வெள்ளை வானத்தில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். அளவு, சிறகின் வடிவம், வால், பறக்கும் விதம் என்ற வரிசையில் பாருங்கள். அளவுக்கு வீட்டுக் காக்கையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் பக்கத்தில் ஒன்று இருக்கும்.

செம்பருந்து, நாம் கருடன் என்று கும்பிடுவது. கோயில் கும்பாபிஷேகத்தின்போது எல்லோரும் அண்ணாந்து தேடுவது இதைத்தான். காக்கையைவிடச் சற்றுப் பெரியது. வளர்ந்த பறவைக்கு வெள்ளைத் தலை, செங்காவி உடல், குழப்பமே இல்லை. குழப்பம் அதன் இளம் பறவையில்தான். அது முழுக்கப் பழுப்பாக இருக்கும். புதியவர்கள் பதிவேற்றும் 'அபூர்வப் பருந்து' படங்களில் பெரும்பாலானவை இளம் செம்பருந்துதான். வால் நுனி வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வெண்வயிற்றுக் கடற்கழுகு நம் வானத்தின் பெரிய உருவம். சிறகு விரிந்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர். மிதக்கும்போது இரு சிறகுகளையும் மேல்நோக்கித் தூக்கி வைத்திருக்கும். வால் குட்டையாக ஆப்பு வடிவில் இருக்கும். கடற்கரையில் மட்டுமல்ல, நீர்த்தேக்கங்களிலும் உண்டு.

சாம்பல்தலை மீன்கழுகு பறப்பதைவிட உட்கார்ந்திருப்பதே அதிகம். தண்ணீரை ஒட்டிய கிளையில் மணிக்கணக்கில் காத்திருந்து மீனின் மேல் விழும். சாம்பல் தலை, பழுப்பு மார்பு, வெள்ளை வயிறு, கறுப்பு நுனியுள்ள வெள்ளை வால். புக்கிட் பாத்தோக், ஜூரோங் ஏரி வட்டாரத்தில் இருப்பவர்கள் முதலில் இதைத் தேடலாம். ஒரே இடத்தில் உட்காருவதால் படம் எடுக்கப் பழக இதைவிடப் பொறுமையான பறவை கிடையாது.

கருந்தோள் பருந்து சின்னது, வெள்ளையும் சாம்பலும், சிவப்புக் கண். புல்வெளிக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து அந்தரத்தில் நிற்கும். சேஞ்சபிள் ஹாக் ஈகிள் என்று செயலியில் வருவது அகன்ற சிறகும் நீண்ட வாலும் உள்ள வனக்கழுகு. இதில் வெளிர் நிறத்தவையும் உண்டு, உடல் முழுக்கக் கரும்பழுப்பானவையும் உண்டு. இரண்டும் ஒரே இனம் என்பது தெரியாமல் இரண்டு பெயர் தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

இவை ஆண்டு முழுக்க இருப்பவை. வலசை வருபவற்றில் தேன்பருந்தை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்: நீண்ட கழுத்து, புறாவைப் போன்ற சிறிய தலை, பட்டை போட்ட வால். விராலடிப்பானுக்கு (செயலியில் ஆஸ்ப்ரே) வெள்ளை அடிப்புறம், மணிக்கட்டில் மடிந்த நீண்ட சிறகு. பெரிகிரின் வல்லூறுக்குக் கூர்மையான சிறகு. மரத்தில் தேடாதீர்கள், நகரின் வானளாவிகளின் விளிம்பில் தேடுங்கள்.

5. பருந்து இருக்கும் இடத்தைக் காதால் கண்டுபிடியுங்கள்

வானத்தையே வெறித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. காக்கைகள் காவல்காரர்கள். சும்மா கரைவதற்கும் பருந்தைக் கண்டு கரைவதற்கும் வேறுபாடு உண்டு: இரண்டாவது, கட்டையான குரலில் இடைவிடாமல் வரும், நான்கைந்து காக்கைகள் ஒரே மரத்தைச் சுற்றும். மைனாக்கள் திடீரென்று ஒட்டுமொத்தமாக அலறினாலோ, புறாக்கூட்டம் காரணமில்லாமல் கிளம்பினாலோ உடனே மேலே பாருங்கள்.

காக்கை துரத்தும்போது பருந்து பெரும்பாலும் திருப்பித் தாக்காது. முதுகின்மேல் காக்கை இறங்கும் கணத்தில் சட்டென்று புரண்டு நகத்தைக் காட்டும், அவ்வளவுதான். நல்ல படம் அந்தப் புரளலில் இருக்கிறது. காக்கையின் வேகத்தைக் கவனித்தால் எப்போது புரளும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

6. இப்போது கேமரா

சில வாரங்கள் மேலே சொன்னதைச் செய்த பிறகும் ஆர்வம் இருந்தால் வாங்குங்கள். இரண்டு வழிகள். ஒன்று, நிக்கான் பி950 போன்ற நீண்ட ஜூம் உள்ள ஒற்றைக் கேமரா. தோளில் மாட்டிக்கொண்டு எம்ஆர்டியில் போகலாம். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நன்றாக வரும், பறக்கும் பறவையில் திணறும். இன்னொன்று, லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவும் 100-400 அல்லது 150-600 மி.மீ. ஜூம் லென்ஸும். முதல் லென்ஸைப் பழையதாகவே வாங்கலாம்; பெனின்சுலா பக்கம் உள்ள கடைகளில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். எடையைத் தூக்கிப் பார்க்காமல் இணையத்தில் வாங்குவது வேண்டாம். இரண்டு கிலோ லென்ஸைக் காலை முழுக்கத் தாங்க முடியாவிட்டால் அது அலமாரியில்தான் தூங்கும்.

முக்காலி பறக்கும் பறவைக்கு உதவாது. கையில் பிடித்துச் சுழலப் பழகுங்கள்.

7. வீட்டிலேயே அமைப்புகளை முடித்துவிடுங்கள்

பருந்து வந்த பிறகு மெனுவைத் தேடினால் மெனுதான் மிஞ்சும். இரண்டு கஸ்டம் மோடுகளில் முன்கூட்டியே சேமித்து வையுங்கள்.

பறப்பதற்கு: ஷட்டர் 1/2000 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 6.3 அல்லது 7.1, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) ஆட்டோ, தொடர் ஃபோகஸ், பறவையைக் கண்டறியும் வசதி இருந்தால் அதுவும், தொடர் படப்பிடிப்பு. உட்கார்ந்திருப்பதற்கு: முதலில் 1/500, சில படங்கள் கைக்கு வந்ததும் 1/250 வரை இறக்கி ஐஎஸ்ஓவைக் குறையுங்கள். திடீரென்று கிளம்பினால் ஒரே பொத்தானில் முதல் மோடுக்குத் தாவலாம்.

பெரும்பாலோர் தடுமாறுவது எக்ஸ்போஷரில், அதாவது படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிய வேண்டும் என்பதில். மேகமூட்டமான வெள்ளை வானம் கேமராவை ஏமாற்றி எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். அதனால் வானம் பின்னணி என்றால் கேமராவின் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 முதல் +1.7 வரை கூட்டுங்கள். நீல வானத்துக்கு +0.3 போதும். கரும்பச்சை மரங்களுக்கு முன்னால் கடற்கழுகின் வெள்ளை வயிறு என்றால் எதிர்ப்பக்கம், -0.7 வரை குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றில் ஒரு இறகும் தெரியாது.

ஒரே பறவை வானத்திலிருந்து மரத்துக்கு இறங்கும்போது என்ன செய்வது? அதன்மேல் விழும் வெயில் மாறவில்லை, பின்னணிதான் மாறியது. ஆகவே வெயில் சீராக இருக்கும் காலையில் ஐஎஸ்ஓவையும் சேர்த்து எல்லாவற்றையும் கையால் நிறுத்தி வைப்பதே நல்லது. கொஞ்சம் பழகியபின் இதற்கு மாறுங்கள். படக்கோப்பை ரா வடிவில், அதாவது கேமரா மெருகேற்றாத மூலக்கோப்பாகப் பதியுங்கள், தவறினாலும் ஓரளவு மீட்கலாம்.

8. மைனாவிலும் புறாவிலும் பழகுங்கள்

புளோக்குக்குக் கீழே இருக்கும் மைனா, புறா, காக்கை மூன்றும் செலவில்லாத ஆசிரியர்கள். பறந்து வரும் புறாவை ஜூமைக் குறைத்துப் பிடித்து, சட்டத்துக்குள் வந்ததும் ஜூமைக் கூட்டப் பழகுங்கள். தொடக்கத்திலேயே 600 மி.மீ.யில் தேடினால் வெறும் வானம்தான் கிடைக்கும். புறா பருந்தைவிட வேகமானது. அது வசப்பட்டால் செம்பருந்து சுலபம்.

9. நிற்கும் இடம், காத்திருக்கும் விதம்

வெயில் உங்கள் முதுகில் படட்டும். அதோடு காற்றையும் பாருங்கள். பறவை காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்றும் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசினால் அது உங்களை நோக்கியே கிளம்பி வரும். வெயில், காற்று இரண்டும் ஒரே பக்கம் அமையும் காலை வாய்த்தால் வேறு வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

உட்கார்ந்திருக்கும் கழுகு எப்போது பறக்கும் என்பதற்கு அறிகுறிகள் உண்டு. உடலைச் சிலிர்த்து இறகுகளைச் சரிசெய்யும். தலையை மேலும் கீழும் ஆட்டித் தூரத்தை அளக்கும். பின்புறத்தைத் தூக்கி எச்சமிடும். உடலைக் கிடைமட்டமாக முன்னால் சாய்க்கும். எச்சமிட்டதுமே கண்ணைக் கேமராவில் வைத்து, பறக்கும் திசையில் சட்டத்தில் இடம் விட்டுத் தயாராகுங்கள். சிறகு விரிய இடம் வேண்டும் என்பதால் ஜூமைச் சற்றுக் குறைத்தே வையுங்கள். உட்கார்ந்த நிலையிலேயே சட்டத்தை நிரப்பி வைத்திருந்தவர்களுக்குச் சிறகு வெட்டுப்பட்ட படம்தான் மிஞ்சும்.

செம்பருந்து தண்ணீருக்குள் பாய்வதில்லை. மேற்பரப்பை உரசி ஒரே கால் வீச்சில் மீனை அள்ளும். முதல் சுற்றில் பெரும்பாலும் எடுக்காது; இரண்டாவது, மூன்றாவது சுற்றில் தாழ வரும். அள்ளிய பிறகும் கேமராவை இறக்காதீர்கள். சின்ன மீன் என்றால் பறந்துகொண்டே காலை அலகுக்குக் கொண்டுவந்து கொத்திச் சாப்பிடும். அந்தப் படத்தை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள்.

பத்து மணிக்கு மேல் தூரப் படங்கள் மங்கலாக வந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள். சூடான கான்கிரீட்டுக்கும் தண்ணீருக்கும் மேல் காற்று அலைபாய்கிறது. எந்த விலை லென்ஸும் அதைத் தீர்க்காது. பறவை பக்கத்தில் வந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் கோப்பி குடிக்கப் போங்கள்.

10. செய்யக் கூடாதவை

வனவிலங்குச் சட்டப்படி தீவு முழுக்கக் காட்டு உயிர்களுக்கு அனுமதியின்றி உணவு போடுவது குற்றம். முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை, மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம். படத்துக்காக மீன் வீசுவதும் இதில் அடங்கும். மீன் மிதப்பதற்காக அதன் வயிற்றில் ஸ்டைரோஃபோம் திணித்துக் கழுகுக்குப் போட்டவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். கழுகு அதை மீனோடு சேர்த்து விழுங்கும். பக்கத்தில் யாராவது இரை போட்டால் அந்தப் படத்தை நீங்களும் எடுக்காமல் விலகுங்கள்.

கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். எவ்வளவு தூரம் என்று பறவையே சொல்லும். உங்களையே உற்றுப் பார்த்தால், தொடர்ந்து குரல் கொடுத்தால், இரையோடு வந்து கூட்டில் இறங்காமல் சுற்றிச் சுற்றிப் பறந்தால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். பின்வாங்குங்கள். கிளையை ஒடிக்க வேண்டாம், ஒலிப்பதிவைப் போட்டு அழைக்க வேண்டாம், ட்ரோன் வேண்டாம், ஆந்தைக்கு ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கூட்டின் படத்தைப் பகிர்ந்தால் இடத்தின் பெயரை எழுதாதீர்கள். கைப்பேசிப் படமென்றால் இருப்பிடத் தகவலையும் நீக்குங்கள்.

11. வலசைப் பருவத்துக்கு ஒரு தனித் திட்டம்

செப்டம்பர் முதல் நவம்பர் வரை வடக்கிலிருந்து பருந்துகள் தெற்கே இறங்கும். தேன்பருந்துகள் ஜப்பான், கிழக்கு ரஷ்யா பக்கமிருந்துகூட வரும். அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும் உச்சம். கறுப்பு வெள்ளைக் கோலத்தில் கூட்டமாக வரும் பிளாக் பாசா என்ற சின்னப் பருந்துகளுக்கும் நவம்பர்தான்.

இதற்கு மட்டும் வீட்டருகே இடத்தை விட்டுத் தெற்குக் குன்றுகளுக்குப் போங்கள். கடலின்மேல் வெப்பக் காற்று வலுவாக எழாது. ஆகவே நீரிணையைக் கடக்கும் முன் பறவைகள் நிலத்தின்மேல் வட்டமிட்டு உயரத்தைச் சேர்த்துக்கொள்ளும். தெலுக் பிளாங்கா ஹில் பூங்கா, அதை ஃபேபர் குன்றோடு இணைக்கும் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம், கென்ட் ரிட்ஜ் பூங்கா ஆகியவை ஏற்றவை. பாலம் சாலைக்கு மேல் 36 மீட்டர் உயரம் என்பதால் சில நேரம் பறவை கண்மட்டத்திலேயே கடக்கும்.

இங்கே விதி வேறு: அதிகாலையில் போக வேண்டாம். பத்து மணி முதல் மூன்று மணி வரைதான் நடமாட்டம். முதல் நாள் மழை பெய்து மறுநாள் வெளுத்தால் கட்டாயம் போங்கள். மழையில் தங்கியவை சேர்ந்து கிளம்பும். வடக்குப் பக்கம் பார்த்து நில்லுங்கள். எல்லோரும் கடலைப் பார்த்து நிற்பார்கள், பறவை முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து போய்விடும்.

12. திரும்பி வந்த பிறகு

ஏர்கான் அறையிலிருந்து வெளியே போனால் லென்ஸில் பனி படரும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே பையை மூடியபடி வெளியே வைத்துவிடுங்கள். வீட்டில் ட்ரை கேபினட் ஒன்று அவசியம். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வையுங்கள். நம் ஊர்க் காற்றில் அலமாரியில் வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை வளர்வது சில மாத வேலைதான்.

படங்களை அன்றே பாருங்கள். பறவையின் கண்ணில் கூர்மை இல்லாதவற்றைத் தயங்காமல் அழியுங்கள். அப்புறம் பார்த்ததை ஈபேர்டில் தேதி, நேரம், எண்ணிக்கையோடு பதியுங்கள். அடையாளம் உறுதியில்லை என்றால் 'பருந்து இனம்' என்று மட்டும் போடலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கூடவே கிளை, காற்றின் திசை, வெயில் பட்ட நேரம் ஆகியவற்றைத் தனியாகக் குறித்து வைத்தால் அடுத்த வாரம் எங்கே நிற்பது என்று யோசிக்க வேண்டியிருக்காது.

கண்ணாடியில் மோதியோ வேறு விதத்திலோ அடிபட்ட பருந்தைக் கண்டால் கையால் தூக்காதீர்கள், நகம் ஆழமாக இறங்கும். தள்ளி நின்று தேசியப் பூங்காக் கழகத்துக்கோ வனவிலங்கு மீட்பு அமைப்பான ஏக்கர்ஸுக்கோ அழையுங்கள். அவர்கள் வரும்வரை காக்கைகளும் பூனைகளும் நெருங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.